இருபத்தொன்பது அங்குலப் பாசனம்

இருநூற்று நாற்பது லிட்டர் ஃபிரிட்ஜ் ஒன்று விற்றால்
எனக்குக் கமிஷன் கிடையாது.
பெட்டிக்குள் வரும் நாலு மூலைத் தெர்மாகோல்
என்னுடையது.
மன்னார்குடி குடோனில் ஞாயிற்றுக்கிழமைகளில்
யாரும் கேட்பதில்லை.

அதில்தான் முதல் மலையைச் செதுக்கினேன்.
ஹேக்ஸா பிளேடு, மெழுகுவத்தியில் காய்ச்சிய கம்பி,
பல் போன சீப்பு.
கூத்தாநல்லூரிலிருந்து வந்திறங்கிய ஜெகபர்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னான்:
"இது மலை இல்ல மச்சான், இட்லி."

நியாயம்தான்.
நான் மலை பார்த்தது பழனிக்குப் போனபோது ஒரே தடவை,
அதுவும் பஸ்ஸில் தூங்கி விழித்த கண்ணோடு.
எங்கள் பக்கம் உயரமென்றால் ஆற்றங்கரை,
கொள்முதல் நிலையத்தில் நனையும் மூட்டை அடுக்கு,
தண்ணீர்த் தொட்டி,
சில நாள் அதன்மேல் ஏறி நின்று கத்துகிற ஆள்.

இட்லிக்குப் பச்சையாவது அடிப்போமென்று
பைக்குக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை அழுத்தினேன்.
உஸ்.
மலை தன்னையே தின்ன ஆரம்பித்தது.
குழி குழியாய், ஓரம் சரிந்து, நடுவில் வாய் பிளந்து.
டப்பா நூற்று நாற்பது ரூபாய்.
மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று பேரும் பார்த்தோம்.
சுகந்தாதான் சொன்னாள்:
"ஏய், இது உடைப்புடா.
கோரையாத்துக் கரை போனப்ப
இப்படித்தான் இருந்துச்சு."

அன்றோடு மலையை விட்டோம்.

கேரம் போர்டைத் திருப்பவில்லை, அப்படியே போட்டோம்.
நாலு பையும் நாலு குளம்;
விழுந்த சிப்பாய் செத்தான்.
டீக்கடை வண்டலைக் காயவைத்துக் கோந்தில் தூவினால்
உழுத சேறு.
தேங்காய் நாரை நறுக்கி நட்டால் அறுத்த தாள்.
சுகந்தா மருந்துக்கடைக்காரி;
தீர்ந்த மாத்திரை அட்டைகள்
மோட்டார் கொட்டகைக்குத் தகரக்கூரை ஆயின,
வெயில் பட்டால் கண்ணைக் கூசும், நிஜம் போலவே.
ஆற்றுமணல் ஒரு கைப்பிடி,
ரசீதில்லாமல், இரவில்.
மூவரும் குற்றவாளிகள்.

சிப்பாய்கள் திருவிழாக் கடைச் சரக்கு,
பாக்கெட் முப்பது ரூபாய், எல்லாருக்கும் ஒரே முகம்.
சோடா மூடியில் ஒட்டி நிறுத்தினோம்.
விதிகளை ஜெகபர் ஜெராக்ஸ் போட்டான்,
அவன் கடை, அவன் மை:
வயலில் இறங்கிய டாங்கி இரண்டு சுற்று புதையும்.
வரப்பில் ஒருவர் பின் ஒருவராய்த்தான் நடக்கணும்.
பன்னிரண்டாம் சுற்றில் மேட்டூர் திறக்கணும்,
ஆனால் பகடையில் ஆறு விழுந்தால்தான்.

நேற்று அவனுக்குத் தலைமதகு. எனக்குக் கடைமடை.
ஒளிய இடமே இல்லை.
என் ஆள் எங்கே குனிந்தாலும்
சுகந்தா நூல் பிடித்துப் பார்த்து
"தெரியுது, சுடலாம்" என்பாள்.
எவ்வளவு தட்டையான ஊரில் இருக்கிறோமென்று
நூல் பிடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.
பதினொன்று போய் மூன்று பேர் மிஞ்சினார்கள்,
ஒரு கொட்டகைக்குப் பின்னால், அதுவும் பாதி.

பன்னிரண்டில் விழவில்லை. பதிமூன்றிலும் இல்லை.
பதினேழில் உருட்டியது ஜெகபர்தான்: ஆறு.
நீலப் பாலிதீனை மதகிலிருந்து விரித்தோம்,
வாய்க்கால் வாய்க்காலாக விரலால் அழுத்தி.
கருகிய அந்த உடைப்பில் திரும்பி
அவனுடைய எட்டுப் பேரையே மூழ்கடித்தது.
நான் கைதட்டினேன்.

பிறகுதான் பார்த்தோம்.
என் வயலுக்கு இரண்டு அங்குலம் முன்னால்
நீலம் முடிந்துவிட்டது.

ஷீட் பத்தலை,
நாளைக்குப் பதினைந்து ரூபாய்க்கு வாங்கிடலாம் என்றான் ஜெகபர்.
தண்ணி பத்தலை என்று எழுதிக்கொண்டாள் சுகந்தா,
விதி எண் இருபத்திரண்டு.

அடுத்த ஞாயிறு
தலைமதகு எனக்கு வேணும்.